மீன்தொட்டிக்குக் குழாய் நீரா, ஆர்.ஓ. நீரா: அளந்து முடிவெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

நன்னீர் மீன்தொட்டிக்குக் குழாய் நீர் போதுமா, ஆர்.ஓ. நீர் வேண்டுமா என்ற கேள்விக்கு, வீட்டுக்கு வரும் நீரில் என்ன கரைந்திருக்கிறது, அதில் எந்த மீனை வளர்க்கப்போகிறோம் என்ற இரண்டும் தெரிந்த பிறகே விடை சொல்ல முடியும். புதியவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வந்து, மீன் சோர்ந்து மேற்பரப்பில் வாயைத் திறந்து மூடத் தொடங்கிய பிறகே தண்ணீரைச் சந்தேகிக்கிறார்கள். நாம் குடிப்பது மீனுக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பி, சமையலறை ஆர்.ஓ. நீரைத் தொட்டி முழுவதும் நிரப்பி, இருந்த சிக்கலோடு புதிய சிக்கலையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

பெரும்பாலான வீடுகளுக்கு, முறையாகத் தயார்செய்த குழாய் நீரும் அந்த நீருக்கு ஏற்ற மீனுமே சரியான தேர்வு. ஆர்.ஓ. நீர் என்பது மிகக் கடினமான நீரைத் தணிக்க உதவும் ஒரு கலவைப் பொருள். அதை அப்படியே தொட்டியில் ஊற்றக் கூடாது. இந்த வழிகாட்டி சென்னை வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது, ஏனென்றால் மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. நீர் ஆகிய ஐந்தும் ஒரே வீட்டில் புழங்குவது இங்கே வழக்கம். மற்ற ஊர்களில் எண்கள் மாறும், வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று, ஜி.எச்., கே.எச். இரண்டையும் அளக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி, பி.எச்., அம்மோனியா, குளோரின் ஆகியவற்றுக்கான சோதனைச் சொட்டுகள் ஆகியவை வேண்டும். ஜி.எச். என்பது கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றால் வரும் மொத்தக் கடினத்தன்மை, கே.எச். என்பது நீரின் பி.எச். சரியாமல் தாங்கிப்பிடிக்கும் கார்பனேட் அளவு. நிறம் மாறும் காகிதப் பட்டைகளைத் தவிர்ப்பது நல்லது. நம் ஊர்க் கடின நீரில் அவை எல்லாவற்றையும் ‘மிக அதிகம்’ என்ற ஒரே நிறத்தில் காட்டிவிடுவதால், ஜி.எச். 16-க்கும் 28-க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இவற்றோடு 50 முதல் 100 லிட்டர் கொள்ளும் மூடியுள்ள டிரம் ஒன்று, ஏர் பம்ப், அதன் காற்றை நீரில் சிறு குமிழிகளாக்கும் ஏர் ஸ்டோன், கிராம் அளவில் எடை காட்டும் தராசு ஆகியவையும் தேவை. டிரம்மில் முன்பு சோப்போ, ரசாயனமோ இருந்திருக்கக் கூடாது.

தொட்டியின் கொள்ளளவையும் இப்போதே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60×30×30 அளவுள்ள இரண்டடித் தொட்டி விளிம்புவரை 54 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் போட்டு விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் உண்மையில் இருப்பது ஏறத்தாழ 45 லிட்டர்தான். மருந்தும் உப்பும் இந்த இரண்டாவது எண்ணுக்கே கணக்கிடப்பட வேண்டும்.

2. நீரின் மூலத்தைக் கண்டறிதல்

‘குழாய் நீர்’ என்று ஒரே பெயரில் அழைப்பது ஒரே நீர் அல்ல. சென்னையின் மெட்ரோ வாட்டர் பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம், வீராணம் ஏரிகளிலிருந்தும், நெம்மேலி போன்ற இடங்களில் உள்ள கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்தும் வருகிறது. ஏரியின் இருப்பைப் பொறுத்து மூலம் மாறுவதால், ஒரே தெருக் குழாயில் மழைக்காலத்தில் வரும் நீரும் மே மாதத்தில் வரும் நீரும் ஒன்றாக இருப்பதில்லை.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும் என்று எப்போதும் கருதிக்கொள்ள வேண்டும். போர் தண்ணீரில் பொதுவாகக் குளோரின் இருக்காது. ஆனால் கடினத்தன்மை, உப்பு, இரும்பு மூன்றில் ஒன்றாவது மிகுந்திருக்கக் கூடும். அடுக்ககங்களில் இவை எல்லாம் தரையடிச் சம்பில் கலந்துவிடுகின்றன. லாரி வந்த நாளில் ஒரு நீர், போர் மோட்டார் ஓடிய நாளில் வேறொரு நீர் என்று மாறிக்கொண்டே இருக்கும். எனவே தொட்டியை நிரப்பப் பயன்படுத்தப்போகும் அதே குழாயிலிருந்துதான் மாதிரி எடுக்க வேண்டும். சமையலறைக் குழாயும் குளியலறைக் குழாயும் வெவ்வேறு மூலத்தில் இணைக்கப்பட்ட வீடுகள் ஏராளம்.

3. அளவெடுக்கும் முறை

குளோரினை மட்டும் குழாயிலிருந்து பிடித்த உடனே சோதிக்க வேண்டும், ஏனென்றால் அது காற்றில் வெளியேறிக்கொண்டே இருக்கும். மற்ற அளவுகளுக்கு நீரை ஒரு வாளியில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் வைத்திருந்து அதன் பிறகு அளவெடுங்கள். நிலத்தடியிலிருந்து வரும் போர் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுதியாகக் கரைந்திருப்பதால், பிடித்த கணத்தில் பி.எச். 7 என்று காட்டிய நீர், வாயு வெளியேறிய பிறகு 8-ஐத் தொடுவது இயல்பு. தொட்டியில் மீன் வாழப்போவது இந்த இரண்டாவது பி.எச்.-இல்தான்.

கடின நீரில் சொட்டுச் சோதனை செய்யும்போது நிறம் மாற இருபது, முப்பது சொட்டுகள் ஆகலாம். பொறுமை இழந்து பாதியில் நிறுத்த வேண்டாம். சொட்டுகளைச் சேமிக்க விரும்பினால், மாதிரி நீர் ஒரு பங்குக்கு வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) மூன்று பங்கு கலந்து சோதித்து, வந்த விடையை 4-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

ஒரு நாள் அளவை நம்பி முடிவெடுக்கக் கூடாது. லாரி நிரப்பிய நாள், போர் மட்டும் ஓடிய நாள், மெட்ரோ வாட்டர் வந்த நாள் என்று வெவ்வேறு நிலைகளில் அளந்து குறித்துவையுங்கள். எண்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இருந்தால், அதுவே நீங்கள் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல்; ஆர்.ஓ. பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான். ஏற்றஇறக்கம் இல்லாத கடின நீரில் மீன் பழகிக்கொள்ளும். வாரந்தோறும் மாறும் நீரில் எந்த மீனும் தேறாது.

4. எண்களைப் படித்தல்

பெரும்பாலான தவறான முடிவுகள் டி.டி.எஸ். மீட்டரிலிருந்தே தொடங்குகின்றன. அந்தக் கருவி நீரின் மின்கடத்துதிறனை அளந்து அதைக் கரைந்த பொருள்களின் அளவாக மாற்றிக் காட்டுகிறது. கரைந்திருப்பது கால்சியமா, சமையல் உப்பா என்று அதற்குத் தெரியாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் டி.டி.எஸ். 1200 காட்டும் போர் தண்ணீரில் பெரும்பங்கு சோடியம் குளோரைடாக இருந்து, ஜி.எச். நடுத்தரமாகவே இருக்கலாம். கடலுக்குத் தொலைவான பாறைப்பகுதிக் கிணற்றில் டி.டி.எஸ். 700 மட்டுமே இருந்தும், அதில் பெரும்பகுதி கால்சியமும் மக்னீசியமுமாக இருந்து ஜி.எச். 25-ஐத் தாண்டலாம். இரண்டுக்கும் தீர்வு வேறு. ஆகவே டி.டி.எஸ். மீட்டரை நீர் மாறிவிட்டதா என்று கண்காணிப்பதற்கும், ஆர்.ஓ. கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும் பயன்படுத்துங்கள். மீனைத் தேர்ந்தெடுக்க ஜி.எச்., கே.எச். எண்களையே நம்புங்கள்.

குடிநீர்த் தரம் என்ற சான்று இங்கே உதவாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோல் ஐ.எஸ். 10500 மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், மாற்று நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வகுத்துள்ளது. ஜி.எச். எண்ணில் ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 17.9 மில்லிகிராம் என்பதால், 600 என்பது ஜி.எச். 33-க்கு மேல். மனிதர் குடிக்கத்தக்கதாக ஏற்கப்படும் நீருக்குள்ளேயே இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது.

கே.எச். எண்ணைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை, ஆனால் தொட்டி திடீரென்று சரிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஃபில்டரில் குடியேறும் நுண்ணுயிர்கள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. நைட்ரஜன் கணக்கில் ஒரு மில்லிகிராம் அம்மோனியாவுக்கு ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. குழாய் நீரில் இந்தக் கையிருப்பு உண்டு. தூய ஆர்.ஓ. நீரில் கே.எச். கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் சில வாரங்களில் பி.எச். 6-க்குக் கீழே சரிந்து, நுண்ணுயிர்களின் வேலையும் தடைப்பட்டு, அம்மோனியா தேங்கத் தொடங்கிவிடும். தொட்டியில் கே.எச். 3-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது புதியவருக்குப் பாதுகாப்பான எல்லை.

கடின நீருக்கும் ஓர் ஆபத்து உண்டு. அம்மோனியாவின் நச்சு வடிவம் பி.எச். ஏறஏறப் பெருகும். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது ஏழு விழுக்காட்டைத் தாண்டுகிறது. போர் தண்ணீர் வைத்திருப்பவர்கள் ஃபில்டரில் நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகும்வரை மீனைச் சேர்க்காமல் காத்திருக்க வேண்டிய காரணம் இதுதான்.

5. எந்த மீனுக்கு எந்த நீர்

ஜி.எச். 15-க்கும் கே.எச். 8-க்கும் மேல் இருந்தால், கப்பி, மாலி, பிளாட்டி, ஸ்வார்டுடெயில் ஆகிய குட்டி போடும் மீன்களும், மலாவி ஏரியின் சிக்லிட் வகைகளும் அந்த நீரிலேயே செழிப்பாக வாழும். இவற்றுக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை, ஆர்.ஓ. நீரில் வைக்கப்பட்ட மாலி துடுப்புகளை மடக்கிக்கொண்டு ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருப்பதைப் பலர் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுகிறார்கள், ஆனால் அங்கே குறைவது தாதுக்கள்.

ஜி.எச். 6 முதல் 15 வரை இருந்தால் தங்கமீன், கௌராமி, பார்ப், ஜீப்ரா டேனியோ, பைட்டர் எனப் பெரும்பாலான கடை மீன்கள் பொருந்தும். கொளத்தூர்க் கடைகளில் கிடைக்கும், உள்ளூர்ப் பண்ணைகளில் பெருக்கப்பட்ட ஏஞ்சல் மீன்களும் இந்த எல்லைக்குள் நன்றாகவே வளரும். மென்னீர் மீன் என்று நூல்கள் சொல்வது இயற்கை நீர்நிலையில் பிடித்த மூதாதையைப் பற்றியது. நம் கைக்கு வரும் மீன் எந்த நீரில் வளர்ந்தது என்பதே நமக்கு முக்கியம்.

இயற்கை நீர்நிலையில் பிடிக்கப்பட்ட கார்டினல் டெட்ரா, ராம் சிக்லிட், முட்டையிடவைத்துப் பெருக்க நாம் விரும்பும் டிஸ்கஸ், கிரிஸ்டல் ரெட் இறால் ஆகியவற்றுக்கு மட்டுமே ஆர்.ஓ. உண்மையான தேவை. நீரில் உப்பு மிகுந்து டி.டி.எஸ். 1500-ஐத் தாண்டும் வீடுகளில் சாதாரண மீன்களுக்கும் நீர்ப்பூண்டுகளுக்கும்கூடத் தணிப்பது நல்லது. இந்த இரண்டிலும் நீங்கள் இல்லையென்றால் ஆறாம் பிரிவோடு உங்கள் தேர்வு முடிந்தது. பத்தாம் பிரிவுக்கு நேரே போய்விடலாம்.

6. குழாய் நீரைத் தயார்செய்தல்

குளோரின் மீனின் செவுள்களை அரிக்கும்; ஃபில்டரின் நுண்ணுயிர்களையும் கொல்லும். டிரம்மைத் திறந்தபடி வைத்து ஏர் ஸ்டோன் ஓடவிட்டால் 24 மணி நேரத்தில் சாதாரணக் குளோரின் வெளியேறிவிடும். அவசரத்துக்குக் கடையில் ஆன்டி குளோரின் என்ற பெயரில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் போதும். படிகமாக வாங்கினால் 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டருக்கு 2 மில்லிலிட்டர் சேர்த்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் குளோரின்வரை முறியடிக்கும். நீரை நேரடியாகத் தொட்டியில் ஊற்றுவதாக இருந்தால், புதிய நீருக்கு மட்டும் கணக்கிடாமல் தொட்டியின் மொத்த நீருக்கும் கணக்கிடுங்கள்.

அடுக்ககத்தில் சம்ப் கழுவும் நாள்களை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட மறுநாள் வரும் நீரில் குளோரின் வழக்கத்தைவிடப் பலமடங்கு இருக்கக் கூடும், அன்று வழக்கமான மருந்தளவு போதாது. அந்த வாரம் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிவைப்பதே நல்லது. ஃபில்டர் ஸ்பான்ஜை நேரடிக் குழாய் நீரில் அலசுவதும் இதே தவறின் மற்றொரு வடிவம்; தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் அலசுங்கள்.

கோடையில் மாடித் தொட்டியின் நீர் நண்பகலில் கைபொறுக்காத சூட்டில் வரும். அதிகாலையில் பிடித்து, அறை வெப்பத்துக்கு வந்த பின் பயன்படுத்துங்கள். போர் தண்ணீர் பிடித்த சில மணி நேரத்தில் பழுப்பாக மாறினால் அதில் இரும்பு இருக்கிறது. ஒரு நாள் காற்றூட்டி, படிந்த பின் மேல் நீரைத் துணியில் வடிகட்டுங்கள்.

7. எந்த ஆர்.ஓ. நீர்?

சமையலறை ஆர்.ஓ. கருவி, உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வான மெம்பிரேனோடு முடிவதில்லை. அதற்குப் பிறகு தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜ், பி.எச். ஏற்றும் கார்ட்ரிட்ஜ், செம்பு கார்ட்ரிட்ஜ் எனப் பலவும் பொருத்தப்பட்டிருக்கும். செம்பு மனிதருக்கு நல்லது என்று விற்கப்பட்டாலும், இறாலுக்கும் நத்தைக்கும் மிகச் சிறிய அளவே உயிர்க்கொல்லி. டி.டி.எஸ். கன்ட்ரோலர் உள்ள கருவிகள் கொஞ்சம் குழாய் நீரையும் திரும்பக் கலந்து தருவதால், வெளிவரும் நீர் நாம் நினைக்கும் அளவுக்குத் தூயதாக இருக்காது. சர்வீஸ் செய்ய வரும் மெக்கானிக்கிடம் சொல்லி, மெம்பிரேனுக்கு அடுத்து ஒரு டி இணைப்பும் சிறு வால்வும் போட்டுக்கொண்டால் மீன்தொட்டிக்குத் தேவையான நீரைத் தனியாக எடுக்கலாம்.

மெம்பிரேன் நல்ல நிலையில் இருந்தால் உள்ளே போகும் டி.டி.எஸ்.-இல் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வெளியே வர வேண்டும். 1000 உள்ளே போய் 200 வெளியே வந்தால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவாகப் போவதையும் மறக்க வேண்டாம். அந்தக் கழிவு நீரைத் தரை துடைக்கப் பயன்படுத்தலாம். உப்பு செறிந்த அதைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ. நீர்தான் என்றாலும், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் ஒவ்வொரு கேனையும் அளந்தே பயன்படுத்த வேண்டும். வீட்டு வாசலில் பொருத்தும் வாட்டர் சாஃப்ட்னர் நீர் வேண்டவே வேண்டாம்: அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது, ஜி.எச். குறைந்ததாகச் சோதனை காட்டும், உப்புச்சுமை அப்படியே இருக்கும்.

மழைநீரும் ஆர்.ஓ. நீருக்கு மாற்றுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில், முதல் மழையைக் கழியவிட்டு, கழுவிய மொட்டைமாடியிலிருந்து பிடித்துவைத்தால் கழிவே இல்லாத மென்னீர் கிடைக்கும். தகரக் கூரையிலிருந்து பிடிக்க வேண்டாம், பூச்சிலுள்ள துத்தநாகம் கரைந்து வரும்.

8. கலவைக் கணக்கு

ஜி.எச்., கே.எச். இரண்டும் நேர்விகிதத்தில் தணியும். தேவையான எண்ணைக் குழாய் நீரின் எண்ணால் வகுத்தால் குழாய் நீரின் பங்கு கிடைக்கும். போர் தண்ணீர் ஜி.எச். 24, கே.எச். 14 என்றும், தேவை ஜி.எச். 8 என்றும் கொண்டால், மூன்றில் ஒரு பங்கு போர் தண்ணீர், இரண்டு பங்கு ஆர்.ஓ. நீர். அதே கலவையில் கே.எச். ஏறத்தாழ 4.7 ஆகிவிடும், அதுவும் பாதுகாப்பான எல்லைக்குள்தான். 45 லிட்டர் தொட்டியில் வாரம் 15 லிட்டர் மாற்றுவதானால் 5 லிட்டர் போர், 10 லிட்டர் ஆர்.ஓ.

பி.எச்.-ஐ இப்படிக் கணக்கிட முடியாது. கலந்து, காற்றூட்டி, அளந்துதான் அறிய வேண்டும். பி.எச். இறக்கும் மருந்தைக் கடின நீரில் ஊற்றினால் கே.எச். அதை விழுங்கி, மறுநாளே பி.எச். பழைய இடத்துக்குத் திரும்பும். இந்த ஏற்றஇறக்கம் உயர்ந்த பி.எச்.-ஐவிட மீனுக்குக் கொடியது.

கலவையை டிரம்மில் முடித்துவிட்டுத் தொட்டிக்குக் கொண்டு வாருங்கள். முதலில் ஆர்.ஓ., பிறகு போர் என்று தொட்டியிலேயே தனித்தனியாக ஊற்றினால், இடைப்பட்ட நேரத்தில் மீன் இரண்டு வேறு நீர்களைத் தாங்க வேண்டியிருக்கும்.

9. முழு ஆர்.ஓ. நீருக்குத் தாது சேர்த்தல்

குழாய் நீர் உப்புக் கரிக்கிறது, கலக்கவே தகாது என்ற நிலையில் மட்டும் இந்த வழி. 100 லிட்டர் ஆர்.ஓ. நீரில் ஜி.எச். ஒரு டிகிரி ஏற, ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்பேட் ஏறத்தாழ 3.1 கிராம் அல்லது எப்சம் உப்பு 4.4 கிராம் வேண்டும். கே.எச். ஒரு டிகிரி ஏறச் சமையல் சோடா 3 கிராம். கால்சியமும் மக்னீசியமும் டிகிரிக் கணக்கில் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் இருப்பது பொதுவாகப் பொருந்தும். ஆகவே ஜி.எச். 6, கே.எச். 3 வேண்டுமானால் 100 லிட்டருக்கு ஜிப்சம் 12.4 கிராம், எப்சம் உப்பு 8.8 கிராம், சமையல் சோடா 9 கிராம்.

ஜிப்சம் மெதுவாகக் கரையும் என்பதால் அதை முதல் நாளே போட்டு ஏர் ஸ்டோனை ஓடவிடுங்கள். சமையல் சோடாவுக்குப் பதில் வாஷிங் சோடாவைப் போட்டுவிடாதீர்கள், பி.எச். எகிறிவிடும். பேக்கிங் பவுடரும் வேறு பொருள். கல்லுப்பு டி.டி.எஸ். எண்ணை ஏற்றிக் காட்டுமே தவிர, ஜி.எச்.-ஐயோ கே.எச்.-ஐயோ ஒரு புள்ளிகூட ஏற்றாது.

10. ஆவியாகும் நீரை ஈடுசெய்தல்

தொட்டியிலிருந்து ஆவியாவது தூய நீர் மட்டுமே; உப்பும் தாதுவும் உள்ளேயே தங்கிவிடும். மின்விசிறிக்குக் கீழே திறந்த தொட்டி வைத்திருப்பவர்கள் கோடை முழுவதும் போர் தண்ணீராலேயே குறைவை நிரப்பினால், கடினத்தன்மை சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். குழாய் நீர்த் தொட்டியாக இருந்தாலும் ஆவியான அளவை மட்டும் தாது சேர்க்காத ஆர்.ஓ. நீராலோ மழைநீராலோ நிரப்புங்கள். ஆர்.ஓ. நீரை அப்படியே ஊற்றக் கூடாது என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு.

11. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியை வேறு நீருக்கு மாற்றுதல்

ஒரே நாளில் பாதி நீரை மாற்ற வேண்டாம். மீனின் உடல் சுற்றியுள்ள நீரின் உப்புச்செறிவுக்கு ஏற்பத் தன் உள்நீரைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. செறிவு திடீரென்று குறைந்தால் அந்தச் சரிக்கட்டல் தோற்றுப்போகும். வாரம் ஒருமுறை பத்து முதல் பதினைந்து விழுக்காடு என்ற அளவில் புதிய கலவையைச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கே.எச்., பி.எச். பார்த்துக்கொண்டே இறங்குங்கள்.

கடையிலிருந்து வரும் மீனுக்கும் இது பொருந்தும். பையின் நீரை டி.டி.எஸ். மீட்டரில் அளந்து, தொட்டி நீரோடு ஒப்பிடுங்கள். அருகிலுள்ள கடையிலிருந்து வந்த மீனாக இருந்தால் சொட்டுக் குழாய் மூலம் ஒரு மணி நேரம்வரை மெதுவாகக் கலக்கலாம். நாள் கணக்கில் பயணம் செய்து வந்த பைக்கு இந்த முறை ஆகாது: மூடிய பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும், தாழ்ந்த பி.எச். அதை அடக்கிவைத்திருக்கும், நம் கடின நீர் சொட்டத் தொடங்கியதும் அது நச்சு வடிவுக்கு மாறும். அத்தகைய மீனுக்குப் பை நீரின் டி.டி.எஸ்., வெப்பம் இரண்டுக்கும் நெருக்கமான நீரைத் தனித் தொட்டியில் முன்பே தயாராக வைத்து, வலையால் உடனே மாற்றிவிட்டு, பிறகு வாரக்கணக்கில் உங்கள் நீருக்குக் கொண்டு வாருங்கள்.

12. பருவந்தோறும் மறு அளவு

பருவமழை முடிந்ததும் ஒருமுறை, ஏப்ரல் மாதத்தில் ஒருமுறை குழாய் நீரின் ஜி.எச்., கே.எச். இரண்டையும் புதிதாக அளந்து, எட்டாம் பிரிவின் கலவையைத் திருத்துங்கள். மழையில் போர் தண்ணீர் தணிந்து ஜி.எச். 24 என்பது 16-க்கு வந்திருந்தால், பழைய விகிதத்தில் கலந்த நீர் ஜி.எச். 5-இலும் கே.எச். 3-க்கு அருகிலும் நிற்கும். அப்போது பாதி போர், பாதி ஆர்.ஓ. என்று மாற்றினால் அதே 8 கிடைக்கும், ஆர்.ஓ. செலவும் குறையும். இடைப்பட்ட மாதங்களில் நீர் பிடிக்கும்போதெல்லாம் டி.டி.எஸ். மட்டும் பார்த்தால் போதும். வழக்கமான எண்ணிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகியிருந்தால், அன்றைய நீரைத் தொட்டியில் ஊற்றும் முன் முழுச் சோதனையும் செய்யுங்கள்.